கண் டாக்டர் வாயைக் கவனித்த கதை

மேடை ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும் பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு மடக்கு தண்ணி குடிச்சா சரியாயிடும். அந்த வறட்சி வருஷக்கணக்கா போகவே இல்லைன்னா? தண்ணி இல்லாம ஒரு பிஸ்கட்கூட தொண்டையில் இறங்காது. கண்ணுக்குள்ள மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அழுகை வரும், கண்ணீர் வராது. இன்றைக்கு அந்த நோயின் கதை.

1930 வாக்கில், ஸ்வீடனில் ஹென்ரிக் ஷோகிரென் என்ற இளம் கண் டாக்டரிடம் ஒரு பெண் வந்தார். கண் வறண்டிருந்தது. ஷோகிரென் கண்ணோடு நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாயும் வறண்டிருந்தது, மூட்டுகளிலும் வலி. கண் டாக்டருக்கு மூட்டுவலி எதற்கு? அங்கேதான் விஷயமே இருக்கிறது. அதே மாதிரி இன்னும் சிலர் வர ஆரம்பித்தார்கள். ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயத்தைக் கண்ணில் விட்டு, வறட்சியால் சேதமான இடங்கள் எவை என்று பார்த்தார்.

வறட்சியைப் பற்றி அவருக்கு முன்பும் சில டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். கண், வாய், மூட்டு மூன்றையும் ஒரே நோயாகக் கோத்து விரிவாகக் காட்டியவர் ஷோகிரென். 1933இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜெர்மன் மொழியில் ஆய்வேட்டைக் கொடுத்தார். அதில் 19 பெண்கள். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதம்.

ஆய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் போதவில்லை. 'டோசென்ட்' என்ற பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கலை. அந்தப் பட்டம் இல்லைன்னா கல்வித்துறையில் மேலே போறது கஷ்டம். ஷோகிரென் யோன்ஷோப்பிங் என்ற ஊரின் மருத்துவமனைக்குப் போய், அங்கே கண் டாக்டராகவே வேலையைத் தொடர்ந்தார்.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கலாம். 1943இல் புரூஸ் ஹாமில்டன் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர் அந்த ஆய்வேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலம் படிக்கிற மருத்துவ உலகம் ஷோகிரெனைப் பரவலாகப் படிக்க ஆரம்பித்தது.

சரி, உடம்புக்குள்ள என்னதான் நடக்குது? நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் எதிரின்னு நினைச்சுத் தாக்குது. இதைத்தான் ஆட்டோஇம்யூன் நோய் என்கிறோம். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும் நமக்கு. அது குறைஞ்சா பல் சொத்தையாகும், வாயில் பூஞ்சை வரும், பேசுறதே சிரமமாகும். 1968இல் கிளாஸ்கோவில் சிஷோம், மேசன் என்ற இருவர், உள் உதட்டிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு சுரப்பிகளில் இந்த அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்திருப்பதை அளந்து தரம் பிரித்தார்கள். இன்றும் உதட்டுச் சதைப் பரிசோதனை இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவுகிறது. இரத்தத்தில் ரோ, லா என்ற எதிர்ப்பொருள்களையும் தேடுகிறார்கள். அவை தாயிடமிருந்து கருவுக்குப் போய், சில சமயம் குழந்தையின் இதயத் துடிப்பையே பாதிக்கும். அதனால் 'வெறும் வறட்சிதானே' என்று விட்டுவிட முடியாது.

ஷோகிரெனுக்கு 1961இல் ஸ்வீடன் அரசு பேராசிரியர் பட்டம் கொடுத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1986இல் இறந்தார். அவர் பிறந்த ஜூலை 23ஐ இப்போது உலக ஷோகிரென் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

2011இல் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் யுஎஸ் ஓபனிலிருந்து பாதியில் விலகி, தனக்கு இந்த நோய் இருப்பதைச் சொன்னார். உலகின் முதல்தர வீராங்கனைக்கே அது என்ன நோய் என்று தெரிய வருஷங்கள் ஆகியிருந்தன. இந்த நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். களைப்பு, வலி, வறட்சி என்று தனித்தனியாகச் சொன்னால் எல்லாமே சாதாரணமாத்தான் தெரியும்.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது அந்த முதல் சந்திப்புதான். கண்ணைக் காட்ட வந்தவர் வாயையும் மூட்டையும் பற்றிச் சொன்னதை ஒரு கண் டாக்டர் காதுகொடுத்துக் கேட்டார். உங்க வீட்டில் அம்மாவோ அக்காவோ கண் எரியுது, வாய் காயுது, கை மூட்டு வலிக்குதுன்னு ஒண்ணா சொன்னா, ஒரு வாதநோய் நிபுணரிடம் கூட்டிட்டுப் போங்க. மூன்றையும் சேர்த்தே சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.