சிறார் இழப்பீட்டு நிதி

சிறார் இழப்பீட்டு நிதி என்பது, விபத்தாலோ குற்றத்தாலோ சட்டவிரோத வேலையாலோ பாதிக்கப்பட்ட, 18 வயது நிறையாத ஒருவருக்குச் சட்டப்படி வழங்கப்படும் பணம். இந்தியச் சட்டத்தில் இதன் உரிமையாளர் குழந்தைதான். பெற்றோர் குழந்தையின் சார்பில் வழக்காடுகிறார்கள். பணத்தின் மீது அவர்களுக்குத் தனி உரிமை கிடையாது. வழக்கில் கிடைத்த தொகையை எங்கே வைப்பது, எப்போது, எதற்காக எடுப்பது என்பதை நீதிமன்றமோ தீர்ப்பாயமோ முடிவுசெய்கிறது.

சட்ட அடிப்படை

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையையும், அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருந்தாலும், அவர் பொறுப்பேற்காத நிலையில் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்றது. ஆனால் காப்பாளர் என்பதாலேயே வழக்குப் பணத்தைக் கையில் வாங்கிவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் ஆணை, 6ஆம் விதிப்படி அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 7ஆம் விதி சமரசத்துக்கும் அனுமதி கேட்கிறது. அனுமதியின்றிச் செய்த சமரசத்தை மைனர் பிற்பாடு ஏற்க மறுக்கலாம்.

மோட்டார் வாகன விபத்து

மைனரின் இழப்பீட்டை வயது நிறையும்வரை நிரந்தர வைப்பில் போடும் நடைமுறைக்கு 1982இல் குஜராத் உயர் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்றது. வைப்பின் மீது கடனோ முன்பணமோ தரக் கூடாது, வட்டியை மாதந்தோறும் நேரடியாகக் கொடுக்கலாம், காப்பாளர் ஏற்கெனவே செய்த செலவை எடுக்க அனுமதிக்கலாம் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இந்நெறிகளைத் தீர்ப்பாயங்கள் இயந்திரம் போலப் பின்பற்றக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பணம் கேட்பவரின் கல்வி, தேவை, பணத்தைக் கையாளும் திறன் ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. இழப்பீட்டை வங்கியில் போட்டு மாதத் தவணையாக வழங்கும் ஆண்டுத்தொகை வைப்புத் திட்டத்தை நாடெங்கும் நடைமுறைப்படுத்த 2019இல் உத்தரவிட்டது.

ஊனமுற்ற குழந்தைகளுக்கான தொகையும் காலப்போக்கில் உயர்ந்துள்ளது. 2013இல் உச்ச நீதிமன்றம், மருத்துவச் செலவு நீங்கலாக, ஊனத்தின் அளவுக்கு ஏற்ப 1 லட்சம் முதல் 6 லட்சம் ரூபாய் வரை வரையறுத்தது. 2020இல், மூளைக் காயத்தால் நிரந்தரமாகப் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த ஒரு சிறுமிக்கு 62.27 லட்சம் ரூபாய் வழங்கியது.

குற்ற இழப்பீடு

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டம் பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கானது. அதன்படி மைனருக்குரிய தொகையில் 80 விழுக்காடு வைப்பில் இடப்படும். கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு விதிவிலக்கு உண்டு.

குழந்தைத் தொழிலாளர்

சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த ஆணையிட்டது. அது நல நிதியில் சேரும். வட்டியே குழந்தைக்குச் செலவிடப்படும். காஞ்சிபுரம் பட்டு நெசவில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உழைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. அங்கே குழந்தையின் உழைப்புக்கு உரிய பணம் பெரியவர்களின் கணக்கில் கரைந்தது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், மாவட்டந்தோறும் மறுவாழ்வு நிதி அமைத்து, அபராதத்தையும் அரசின் 15,000 ரூபாயையும் குழந்தையின் பெயரில் வரவு வைக்கிறது.

உரிமையும் நிர்வாகமும்

சிறார் நிதியைப் போல உரிமை ஒருவரிடமும் நிர்வாகம் இன்னொருவரிடமும் இருப்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் பழகிய ஏற்பாடு. கோயில் சொத்து தெய்வத்துடையது. அதை நடத்துபவர் அறங்காவலர். நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தெய்வத்தை மைனருக்கு ஒப்பாகக் கருதியுள்ளன. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதற்கும் கோயில்களில் சான்று உண்டு: பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் (மருத்துவமனையில்) மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான செலவைத் தனித்தனியே வரையறுக்கிறது.

விவாதம்

வைப்பு முறை, கடன் அடைக்கவும் வீடு கட்டவும் உறவினர் திருமணத்துக்கும் குழந்தையின் பணம் போய்விடாமல் காக்கிறது. அதே முறை, அறுவை சிகிச்சைக்கோ செயற்கைக் காலுக்கோ பணம் தேவைப்படும் தாயை ஒவ்வொரு முறையும் மனுப் போட அலையவிடுகிறது. விலைவாசி ஏற்றம் வட்டியை விழுங்கவும் செய்கிறது. வைப்பில் எவ்வளவு, சிகிச்சைக்கு உடனே எவ்வளவு என்று தீர்ப்பிலேயே பிரித்துச் சொல்வது இவ்விரு இடர்களையும் குறைக்கும். இங்கிலாந்திலும் மைனரின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் தேவை. தொகையை நீதிமன்ற நிதி அலுவலகம் வைத்திருக்கும். அமெரிக்காவில் தவணை முறைத் தீர்வுகளும் வழக்கத்தில் உள்ளன.

வயது நிறைந்த பின்

பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறை போன்றவை உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின்னும் காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது; மாவட்ட அளவிலான குழு இதைக் கவனிக்கிறது. மற்றவர்களுக்குப் பெற்றோரின் காப்பாளர் பொறுப்பு 18 வயதில் முடிகிறது. தீர்ப்பாயத்தின் பெயரில் உள்ள வைப்பு அன்று தானாகக் கைக்கு வராது. மேஜரானவர் வயதுச் சான்றுடன் மனு செய்து, ஆணை பெற்ற பிறகே வங்கி அதை விடுவிக்கும்.