புள்ளியும் நிழலும்: வரைபடத்தில் நமது ஊர்கள்

மானிடப் புவியியல் என்ற பெரிய பாடத்தை ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம்: யார் எங்கே இருக்கிறார்கள், ஏன் அங்கே இருக்கிறார்கள்? இதற்கு விடை தேடுகிறவர் கையில் இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று சில அடிப்படைக் கருத்துகள். மற்றது வரைபடம். நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன். புவியியல் ஆசிரியர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நமது ஊர் வரலாறுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களையும் ஆண்டுகளையும் தேடிச் சேர்க்கிறார்கள், வரைபடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதனால் நமக்கு என்ன நட்டம் வந்தது, இன்னும் என்ன வரக்கூடும் என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

முகத்தஸியின் நிறங்கள்

இந்தக் கலை நமக்கு அந்நியமானதல்ல. ஜெருசலத்தில் பிறந்து அந்த ஊர்ப்பெயராலேயே அறியப்பட்ட அல்-முகத்தஸி, கி.பி. 985 அளவில் 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்ற நூலை எழுதினார். பல ஆண்டுகள் இஸ்லாமிய நாடுகளை நடந்து பார்த்த மனிதர் அவர். ஊர்களை அவர் தரம்பிரித்த விதம் சுவையானது. பெருநகரங்கள் அரசர்களைப் போல; மாகாணத் தலைப்பட்டினங்கள் அரண்மனை அதிகாரிகளைப் போல; சிறு நகரங்கள் குதிரைப்படை; கிராமங்கள் காலாட்படை. இன்றைய பாடப்புத்தகம் இதைத்தான் குடியிருப்புப் படிநிலை என்கிறது.

தன் படங்களில் எந்த நிறம் எதைக் குறிக்கும் என்பதையும் அவர் வாசகனுக்குச் சொல்லி வைத்தார். பாதைகள் சிவப்பு, மணல்வெளி மஞ்சள், உப்புக் கடல் பச்சை, ஆறுகள் நீலம். இன்று படத்தின் மூலையில் நாம் பார்க்கும் குறியீட்டு விளக்கத்தின் வேலை இது. படம் வரைந்தவன் எதைத் தெரிவு செய்தான், எதை விட்டான் என்பதை வாசகன் கேட்க முடிவது இந்த விளக்கம் இருப்பதால்தான்.

இடம் என்றால் என்ன?

புவியியலாளர் வெளி என்பதையும் இடம் என்பதையும் வேறுபடுத்துவார்கள். வெளி அளக்கக்கூடியது: இத்தனை கிலோமீற்றர், இத்தனை ஏக்கர். அந்த வெளியில் மனிதர் வாழ்ந்து, பெயர் வைத்து, உழைத்து, மையித்துகளை அடக்கி வரும்போது அது இடமாகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அந்த நிலத்தின் உணவு, தொழில், மரம், பறவை எல்லாவற்றையும் கருப்பொருளாகச் சேர்த்து, மனித உணர்வை உரிப்பொருளாக்கியது. நிலத்தை வெறும் பரப்பாகப் பார்க்காத மரபு அது.

கிழக்கிலங்கைக் கரையோரத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலையொட்டிய மணற்பட்டியில் வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. நமது ஊர்களுக்கு நடுவே காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள். வீடு நெய்தலில், சோறு மருதத்தில். 'வட்டைக்குப் போறன்' என்று சொல்லிவிட்டு விடியச் சாமம் மேற்கே புறப்படுகிறவரின் வாழ்க்கை இரண்டு நிலத்திலும் பரந்து கிடக்கிறது. குடிசன மதிப்பீடு அவரை வீட்டில்தான் எண்ணும். வட்டையில் அவர் கட்டிய வாடியும், வெட்டிய வாய்க்காலும், பரம்பரையாக வழங்கும் கண்டத்தின் பெயரும் அந்தக் கணக்கில் வராது.

நிழல் சொல்லும் கதை

மக்கள்தொகையைக் காட்ட இரண்டு முறைகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று நிழற்றற்படம். ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் ஒரு சராசரியைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கடுமையாகவோ மென்மையாகவோ நிறந்தீட்டுவது. 1826இல் பிரான்சின் சார்ல்ஸ் டுபின் இம்முறையில் தன் நாட்டின் கல்வி நிலையைப் படமாக்கினார். ஒரு மாகாணத்துக்கு ஒரு நிழல். கறுப்பாக விழுந்த மாகாணத்துக்குள் படித்தவர்கள் நிறைந்த ஒரு பட்டினம் இருந்தாலும் படத்தைப் பார்ப்பவனுக்கு அது தெரியாது.

இந்த முறையின் பலவீனம் சின்னக் கணக்கிலேயே தெரியும். 1,000 சதுர கிலோமீற்றர் பிரிவொன்றில் ஒரு இலட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடியடர்த்தி 100. பரவாயில்லை, தாராளமாக இடமிருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு இலட்சமும் கரையோரத்து 20 சதுர கிலோமீற்றருக்குள் இருந்தால்? உண்மையான அடர்த்தி 5,000. எண்ணிக்கையில் பிழையில்லை. எந்தக் கோட்டுக்குள் வைத்துச் சராசரி பார்த்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அம்பாறை மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2012 கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர். முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். பரப்பு 4,400 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். மாவட்டச் சராசரியைப் பார்த்தால் சதுர கிலோமீற்றருக்கு 150 பேர் அளவில்தான் வரும். சாய்ந்தமருது ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் எவரும் இதை நம்பமாட்டார். அங்கு அடர்த்தியை ஆயிரங்களில்தான் சொல்ல வேண்டும்.

அந்த மாவட்ட எல்லைக்கும் வயது அதிகமில்லை. 1961 வரை இந்த ஊர்களெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் மேற்கே வளர்ந்தன. பின்னர் புதிய மாவட்டம் பிரிக்கப்பட்டது. வீடு அதே வீடு, பள்ளிவாசல் அதே பள்ளிவாசல். 1953 கணக்கெடுப்பைக் கொண்டு வரையும் மாவட்டப் படத்திலும் 1963ஐக் கொண்டு வரையும் படத்திலும் அவை வேறு வேறு நிழலுக்குள் விழும். விகிதாசாரம், பங்கீடு, பிரதிநிதித்துவம் என்று நாம் விவாதிப்பதெல்லாம் இத்தகைய கோடுகளுக்குள் நின்றுதான்.

புள்ளி காட்டுவது

மற்றது புள்ளிப்படம். சராசரியை விட்டுவிட்டு, ஆட்கள் இருக்கும் இடத்திலேயே குறியிடுவது. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் கொலரா பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ இந்த வழியைத்தான் பிடித்தார். ஒவ்வொரு மரணத்துக்கும் அந்த வீட்டருகே ஒரு சிறு கறுப்புக் கோடு. கோடுகள் புரோட் வீதியின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்தன. ஆனால் அவர் படத்தோடு நிற்கவில்லை. வீடுவீடாகப் போய், எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டார். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் மரணம் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதற்கென்று தனிக் கிணறு இருந்தது என்று அறிந்தார். படம் கேள்வியை எழுப்பியது. பதிலைக் களத்தில்தான் எடுத்தார்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மாவட்டச் சராசரியால் இதை விளங்க முடியாது. புள்ளிப்படம் ஒரு பார்வையில் விளக்கிவிடும். பிறகு அரசு கரையோரத்தில் கட்டடம் கட்டக்கூடாத வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். படத்தில் அது ஒரு மெல்லிய கீற்று. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அந்தக் கீற்றுக்குள் தெருத்தெருவாக வீடுகள். பின்னால் போவோம் என்றால் வயல். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் குடும்பங்கள் கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டிலிலும் காத்துக் கிடந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அளவுகோலால் கோடு போட்டவருக்கு முன்னால் நமது ஊர்களின் புள்ளிப்படம் ஒன்றை விரித்து வைக்க நம்மிடம் எத்தனை பேர் இருந்தோம்?

ஆளில்லாத படம்

புள்ளிக்கும் ஒரு குறை உண்டு. கணக்கெடுத்த நாளில் இருந்தவரை மட்டுமே அது காட்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அன்றோடு மன்னார் முசலிக் கிராமங்களில் நமது புள்ளிகள் அழிந்தன. இருபது வருடத்தில் வளவுகளில் மரம் முளைத்தது. போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கியபோது, 2012இல் வர்த்தமானி மூலம் காடாக அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள் தங்கள் பழைய ஊரும் அடங்குகிறது என்று முறையிட்டார்கள். சர்ச்சை நீண்டது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் செய்மதிப் படம் பச்சையைத்தான் காட்டும். பச்சைக்குக் கீழே தூர்ந்த கிணறும், பள்ளிவாசல் அத்திவாரமும், மையவாடியும் கிடப்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல பழைய இடவிளக்கப்படமும், காணி உறுதியும், ஊர் மூத்தவரின் வாயும் வேண்டும். ஒரு நிலம் வெளியா இடமா என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வியாக இல்லை, ஒரு குடும்பம் எங்கே வீடு கட்டுவது என்ற கேள்வியாக இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய செலவில்லை. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அதன் பழைய ஒரு அங்குலப் படங்களிலும் இன்றைய 1:50,000 படங்களிலும் நமது குளங்களும் ஊர்களும் பெயரோடு உள்ளன. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் குடிசனக் கணக்கு கிடைக்கிறது. கையிலுள்ள தொலைபேசியே ஓர் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் சொல்லிவிடும். ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற உலகப் படத்தில் யாரும் பதிவு செய்து ஊர்ப் பெயர்களைச் சேர்க்கலாம். கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் நிழற்றற்படமும் வரையலாம், புள்ளிப்படமும் வரையலாம்.

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். ஒரு வகுப்பு ஒரு வருடத்தில் ஒரு ஊரை முடிக்கும். மஹல்லா எல்லைகள், மையவாடிகள், பழைய கிணறுகள், கைத்தறி நெய்த வளவுகள், கரைவலைத் துறைகள், வட்டைகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் யார், எந்தத் திகதியில் சொன்னார் என்ற குறிப்பும் வேண்டும். பக்கத்துத் தமிழ் ஊரையும் சிங்களக் குடியேற்றத்தையும் அதே நேர்மையோடு குறிக்க வேண்டும். நம்முடையதை மட்டும் பெரிதாக்கிய படத்தை எந்த மேசையிலும் எவரும் மதிக்கமாட்டார்கள்.

வட்டைப் பெயர்கள் தெரிந்த போடிமாரும் வட்டவிதானைமாரும் வயதாகிவிட்டார்கள். முதலில் அவர்களிடம் போக வேண்டும். மென்பொருளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.