முற்றுப்பெறாத தேர்கள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை நம்மை மாமல்லபுரத்தில் கொண்டு சேர்க்கிறது. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் கண்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஊரின் மேற்புறம் நிற்கும் வலையன்குட்டை ரதத்தையும் இரண்டு பிடாரி ரதங்களையும் தேடிச் செல்வோர் சிலரே. அவை அரைகுறையாக நிற்பதுதான் காரணம் போலும்.

உண்மையில், புகழ்பெற்ற ஐந்து ரதங்களும் முற்றுப்பெற்றவை அல்ல. பல்லவச் சிற்பிகள் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தனர். ஆகவேதான் தருமராச ரதத்தின் மேல்தளங்களில் தெய்வ உருவங்கள் பொலிய, அடிப்பகுதி கரடாகவே நிற்கிறது. பாண்டவர் பெயர்களும் பிற்காலத்தார் சூட்டியவையே. திரௌபதியின் பெயரால் வழங்குவது கொற்றவைக்கு எடுத்த கோயில். அழகிய கதையொன்றை இழப்பதில் நமக்குச் சற்று வருத்தந்தான்.

பணி ஏன் நின்றது? கி.பி. 668 அளவில் மாமல்லன் நரசிம்மவர்மன் மறைந்ததைக் காரணமாகக் கூறுவர் சிலர். இவையெல்லாம் இராசசிம்மன் காலத்தவையே என வாதிட்டோரும் உண்டு. அந்த இராசசிம்மன் (700–728) எழுப்பிய கடற்கரைக் கோயிலோ, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது.

முடிந்த சிற்பம் தான் பிறந்த விதத்தைச் சொல்வதில்லை. முடியாத குடைவரைகள் சொல்லிவிடுகின்றன. பாறை முகத்தைச் சதுரங்களாக வகுத்து, இடையே ஆழமாக வெட்டி, எஞ்சிய கட்டிகளை உடைத்தெடுத்த தடம் இன்றும் அங்கே தெரிகிறது. உளி எந்த இடத்தில் ஓய்ந்தது என்பதையும் நாம் விரலால் தொட்டறியலாம்.

இவற்றின்முன் நிற்கையில் மிக்கேல் ஆஞ்சலோ நம் நினைவுக்கு வருகிறார். இளமையில் அவர் செதுக்கிய வியாகுல அன்னை, பளபளக்கும் சலவைக்கல்லில் உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறாள். அதே பொருளில் மற்றொன்றை, 88 வயதில், 1564 பிப்ரவரியில் இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை அவர் செதுக்கிக்கொண்டிருந்தார். தாம் முன்பு வடித்த கிறிஸ்துவின் உடலையே வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய கல்லில் மெலிந்த வேறோர் உடலைத் தேடினார். பழைய உருவின் கை மட்டும் தனியே நிற்கிறது. மிலான் நகரிலுள்ள அச்சிலையில் தாய் மகனைத் தாங்குகிறாளா, மகன் தாயைச் சுமக்கிறாரா என்று நமக்குப் புலப்படவில்லை.

மாமல்லபுரத்தில் உப்புக்காற்று இன்னமும் செதுக்கிக்கொண்டிருக்கிறது. கடற்கரைக் கோயிலின் உருவங்கள் பல முகமிழந்துவிட்டன. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கின்றனர். சில காலம் கழித்து மீண்டும் அப்புகின்றனர். தெருவோரப் பட்டறைகளில் உளியோசை ஓயவில்லை. சிலைக்குக் கண் திறந்தபின் சிற்பி அதைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த கல்லின் முன் அமர்கிறார்.