2012: மதுரையும் இன்வெர்ட்டர் பேட்டரியும்

பவர் கட்டுன்னதும் மதுரைக்காரங்களுக்கு ஞாபகம் வர்றது 2012 தான் மக்களே. சென்னைக்கு ரெண்டு மணி நேரம். நமக்கு அக்டோபர் வாக்கில 12 மணி நேரத்துக்கும் மேல. வசதி இருந்தவங்க இன்வெர்ட்டர் வாங்கினாங்க.

கணக்கைப் பாருங்க. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில நிக்கிறது 1.8 யூனிட். ரொம்ப நாள் உழைக்கணும்னா பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாது. ரெண்டு ஃபேன், ரெண்டு டியூப்லைட்டுக்கு மூணு மணி நேரம் வரும். மிக்ஸியெல்லாம் கரண்ட் வந்தப்புறம்தான்.

சிக்கல் சார்ஜ் ஏத்துறதுல. லெட்-ஆசிட் பேட்டரி முழுசா ஏற சுமார் பத்து மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போற கரண்ட்ல எங்க நிரம்புறது? அரைகுறையாவே கிடந்தா ஈயத் தகட்டுல சல்ஃபேட் இறுகி, சீக்கிரமே செத்துப் போகும்.

அதோட, இன்வெர்ட்டர் மின்சாரம் தயாரிக்கறதில்ல. 100 யூனிட் திருப்பித் தர 130-க்கு மேல கிரிட்ல இருந்து இழுக்கும். ஏற்கெனவே பத்தாத கரண்ட்ல அதுவும் ஒரு பங்கு. வாங்க முடியாத வீட்டுல மெழுகுவத்தியும் விசிறியும்தான்.

2013 அக்டோபர்ல கூடங்குளம் முதல் உலை கிரிட்ல சேர்ந்துச்சு. டிசம்பர் 31 அன்னிக்கு தென் மண்டல கிரிட் தேசிய கிரிட்டோட இணைஞ்சது. இந்த மாதிரி வேலைகளாலதான் நிலைமை மாறுச்சு. வீட்டு பேட்டரி அதுவரைக்கும் சமாளிக்க உதவுச்சு, அவ்வளவுதான்.

உங்க ஊர்ல எப்படி ஓட்டினீங்க? சொல்லுங்க :-)