நிறுத்திப் படிக்கும் உரிமை



கார்த்திகை மாதத்தில் அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் கீழ்பென்னாத்தூர் மக்களாகிய நாம் பார்த்து வளர்ந்தவர்கள். அதற்குச் சொல்லப்படும் புராணக் கதையும் நமக்குத் தெரியும். அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் கதையை ஏற்கவில்லை. ஆமணக்கு விதையிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டறிந்ததன் பௌத்த நினைவு அது என்று எழுதினார். அந்த முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். அவர் படித்த முறையே இன்று நமக்கு முக்கியம். மற்றவர்கள் கடந்துபோன சொல்லில் அவர் நின்றார், பின்னால் திரும்பிப் போனார், இந்தப் பொருளை இதற்குக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கங்களுடன் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன நம் மக்களிடமும் அது சென்று சேர்ந்தது. எழுத்தறிந்தவர் சிலர், கேட்பவர் பலர் என்றிருந்த காலம் அது. ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் இடைமறிப்பார், படித்த வரி மறுபடி படிக்கப்படும். நம்முடைய வாசிப்பு இப்படிக் கூட்டாகவும் நிதானமாகவும்தான் தொடங்கியது.

வேகமாகப் படிக்கப்பட்டதும் நம் வரலாற்றில் உண்டு. 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அப்படியும் நிலங்கள் போயின. கடனுக்கென்று சொல்லி, பத்திரத்தை யாரோ கடகடவெனப் படித்துக்காட்ட, நம் முன்னோர் கைநாட்டு வைத்த கதை இல்லாத சேரி உண்டா? நிறுத்தச் சொல்ல முடியாத இடத்தில் வாசிப்பு நமக்கு எதிராக நின்றது.

இந்த அனுபவத்தோடுதான் வேகவாசிப்புத் தொழில்நுட்பத்தை நாம் அணுக வேண்டும். 1959-இல் அமெரிக்காவில் எவலின் வுட் வேகவாசிப்புப் பயிற்சியை ஒரு வணிகமாக்கினார். குடியரசுத் தலைவர் கார்ட்டர்கூட அதில் பயின்றார். 2014-இல் வந்த ஸ்ப்ரிட்ஸ் என்னும் செயலி, திரையில் ஒரே இடத்தில் சொற்களை ஒவ்வொன்றாக மின்னச் செய்து, நிமிடத்துக்கு 1000 சொற்கள் வரை படிக்கலாம் என்றது. கண் நகர வேண்டாம், திரும்பவும் வேண்டாம்.

கண்ணசைவை ஆராய்ந்த கீத் ரெய்னரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வுரை இந்த வாக்குறுதியை மறுத்தது. நன்றாகப் படித்தவர்களின் சாதாரண வேகம் நிமிடத்துக்கு 200 முதல் 400 சொற்கள். அவர்களுடைய கண்ணசைவுகளில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியே செல்கின்றன. அந்தத் திரும்பலைத் தடுத்தால் புரிதல் குறைகிறது. வேகம் கூடக்கூடப் பொருள் கைநழுவுகிறது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்குப் பக்கங்களை மேய்ந்து வேண்டியதைத் தேடும் பழக்கம் தேவைதான். அதை நாம் குறை சொல்லவில்லை. எங்கே மேயலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது வாசகராக இருக்க வேண்டும், கருவியாக இருக்கக் கூடாது என்கிறோம். ஒளிப்பதிவை இருமடங்கு வேகத்தில் கேட்பதும், நூலுக்குப் பதில் சுருக்கத்தைப் படிப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. சுருக்கும்போது எதை விடுவது என்று யாரோ முடிவு செய்கிறார். விடப்பட்டவர்களின் வரலாறு நமக்குத் தெரியும்.

சட்டமே நமக்கு நிறுத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5-ஆவது விதி, வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார் தந்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும், அதன் பிறகே கையொப்பம் பெற வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. களத்துக்குப் போகும் தோழர்கள் அறிவார்கள்: ஒரு பெயர், ஒரு சாதிச் சொல், ஓர் இடம் விடுபட்டால் வழக்கே நீர்த்துப்போகும்.

ஆகவே காவல் நிலையத்தில் காகிதத்தை யாராவது ஒரே மூச்சில் படித்து நீட்டினால், நம் மாணவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்: “ஐயா, அந்த வரியை மறுபடி படியுங்கள்.”

ஜெய்பீம்.