ஆற்காட்டு நவாப் கடன்கள்

கர்நாடக நவாப் முகம்மது அலி வாலாஜா (ஆட்சி 1749–1795) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடமும் அதன் ஊழியர்களிடமும் சென்னைச் சவுக்கார்களிடமும் பட்ட கடன்களுக்கு வழங்கும் பெயர். பிரெஞ்சுக்காரரோடு நடந்த போர்களின் செலவு அவர் பற்றில் எழுதப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. கும்பினிக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காகக் கும்பினி ஊழியர்களிடமே நிலவரியை ஈடாக வைத்துத் தனிக்கடன் வாங்கினார். 1767இல் பழைய பத்திரங்களை ஒன்றாக்கி வட்டியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கட்டியவர் கும்பினி ஊழியர் பால் பென்ஃபீல்டு என்பர், சான்று வலுவானதல்ல.

ஆவணங்கள் குவிந்து கிடப்பது 1776ஆம் ஆண்டுக்குத்தான். கும்பினிப் படையைக் கொண்டு 1773இல் தஞ்சையைப் பிடித்த நவாப், அதன் வருவாயைக் கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிவைத்திருந்தார். சென்னை ஆளுநர் பிகட் பிரபு தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்ததும், பென்ஃபீல்டு மனுவோடு வந்தார்: தமக்கு வரவேண்டியது சுமார் 2,34,000 பவுண்டு. சில நூறு பவுண்டு சம்பளக்காரரின் கையில் இவ்வளவு பணம் ஏது என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. ஆளுநரின் ஆலோசனைச் சபையில் பெரும்பான்மையோர் பிகட்டுக்கு எதிராகத் திரும்பி, அவரைக் கைது செய்ய முடிவெடுத்தனர்.

ஆகஸ்ட் 24 அன்று காலை உணவும் பகலுணவும் பிகட்டின் மேசையில் உண்ட கர்னல் ஸ்டூவர்ட், மாலையில் அவரோடு ஒரே வண்டியில் ஏறினார். வழியில் சிப்பாய்கள் மறித்தபோது, வண்டியை விட்டு இறங்கும்படி பிகட்டிடம் சொன்னவரும் அவரே. பரங்கிமலைக்குக் கொண்டுபோகப்பட்ட பிகட் 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்தார். மரண விசாரணையில் கொலை என்று தீர்ப்பாயிற்று. பின்னர் அது நிலைக்கவில்லை.

1777இல் 'குதிரைப்படைக் கடன்' சேர்ந்தது. கடன் கொடுத்தவர்கள் வரியை முன்பே பெற்றுக்கொண்டு, படைவீரரின் சம்பளப் பாக்கியைக் காலம்தாழ்த்தினர் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் குற்றச்சாட்டு. 1784இல் லண்டன் கட்டுப்பாட்டு வாரியம் இக்கடன்களுக்காக ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கட்ட ஆணையிட்டது. அதைத் தாக்கியே பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பேசினார்.

1801இல் கர்நாடகம் கும்பினி வசமாயிற்று. 1805இல் அமைந்த ஆணையத்தின் முன் 3 கோடி பவுண்டுக்கு மேல் உரிமை கோரப்பட்டது. ஏற்கப்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்ஃபீல்டு 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

கடைசி நவாப் 1855இல் மறைந்தபின் அரண்மனை ஏலத்துக்கு வந்தது; வாங்கிய அரசு அங்கே வருவாய் வாரியத்தை வைத்தது. இன்றைய ஆற்காட்டு இளவரசர் குடும்பம் இராயப்பேட்டை அமீர் மகாலில் வசிக்கிறது. 2012இல் தீப்பிடித்த, சேப்பாக்கம் அரண்மனையின் பகுதியான கலச மகால் பின்னர் புதுப்பிக்கப்பட்டது.