ஊர் திரும்பும் முன் கிரெடிட் கார்டு கணக்கை முடியுங்கள்

அமீரக வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களும் கனடா, சவூதி என்று வேறு நாட்டுக்கு மாறுகிறவர்களும் டிக்கெட், கார்கோ, பிள்ளைகளின் டி.சி. என எல்லாவற்றையும் கவனிக்கிறோம். பர்ஸில் உள்ள கிரெடிட் கார்டை மட்டும் கடைசி நாளில் கத்தரித்து எறிந்துவிட்டு விமானம் ஏறுகிறோம். அட்டையை வெட்டினால் கணக்கு மூடாது.

மூடாத கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் விழலாம், அதன் மேல் 5 சதவீத வாட். அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், பிறகு வட்டி. துபை சிம் செயலிழந்துவிட்டதால் வங்கி அனுப்பும் செய்தி எதுவும் நமக்கு வருவதில்லை. சில நூறு திர்ஹம் ஆயிரங்களாக வளர்ந்த பிறகே தெரியவருகிறது.

ஆகவே விசா கேன்சல் ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கம்பெனி தரும் கடைசி செட்டில்மென்ட் சம்பளக் கணக்கில் விழுந்ததும் நாம் கிளம்புவது வங்கிக்குத் தெரிந்துவிடும். கார்டு பாக்கி இருந்தால் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வங்கியால் முடியும். கிராஜுவிட்டியை நம்பி டிக்கெட் போட்டவர் நிலை அப்போது பெரும் சங்கடம்.

முதலில் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சாலிக், போன் பில் என்று அதில் தானாகப் போகும் தொகைகளை ரத்து செய்யுங்கள். சில செலவுகள் பல நாள் கழித்தே கணக்கில் ஏறும் என்பதால்தான் இந்த அவகாசம். கடைசி ஸ்டேட்மென்டில் உள்ள தொகையைக் கட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அன்றைய தேதி வரையிலான வட்டி, தவணையாக மாற்றிய பொருட்களின் மீதி எல்லாம் சேர்த்து முழுத் தொகையைக் கேட்டுக் கட்டுங்கள். மனைவி பெயரில் உள்ள துணை அட்டையின் கடனும் நம் தலையில்தான்.

பிறகு எழுத்து மூலம் கார்டை மூடச் சொல்லி, பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் லெட்டரை வாங்குங்கள். கார்டு எடுத்தபோது கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கையும் திரும்பக் கேளுங்கள். பலர் அதை மறந்தே போகிறார்கள். அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் ஆப்பில் எமிரேட்ஸ் ஐடியைக் கொண்டு அறிக்கை எடுத்தால் கணக்கு மூடியிருக்கிறதா என்பது தெரியும்.

கட்ட முடியாதவர்கள், “ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வார்கள்?” என்று கேட்பதுண்டு. 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு, அமீரக நீதிமன்றத்தின் கடன் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றம் வழியாகவே நிறைவேற்றக் கோரலாம். 2022 ஜனவரி முதல் பணமில்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை; ஆனால் அந்தச் செக்கையே வைத்து நேரடியாக வசூல் நடவடிக்கைக்குப் போக வழி வந்துவிட்டது. ஓடுவதைவிட, வேலை இருக்கும்போதே வங்கியில் பேசித் தவணை கேட்பது நல்லது. மினிமம் மட்டும் கட்டி வருவது தீர்வாகாது. 10,000 திர்ஹம் பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், கட்டும் 500இல் 300 வட்டிக்கே போய்விடும். ஹராம் என்று தெரிந்தும் இதில் சிக்கி நிற்பவர்கள் நம்மில் நிறைய.

ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்துக்குக் கடன் இருந்தால் வாரிசுகளைப் பாருங்கள் என்று அறிவிக்கிறோம். துபை வங்கி அந்த ஸஃப்பில் வந்து நிற்காது. எந்த நாட்டில் எந்தக் கார்டு இருக்கிறது என்பது மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.